பட்டியலில் முதல் படம்

அறுபது வயது நிறைந்தவர்கள், ஆயுளிலேயே மிகவும் பிடித்த ஐந்து படங்களை எழுதிக் கொடுத்தால் போதும். மறதி நிலையத்தில் அவற்றை நினைவிலிருந்து பூப்போல எடுத்துவிடுவார்கள். பிறகு முதல் தடவை பார்ப்பது போலவே பார்க்கலாம்.

செண்பகராமன் சந்தோஷத்தில் மிதந்துகொண்டே அங்கிருந்து வீடு திரும்பினார். அவர் அங்கே எழுதிக் கொடுத்த பட்டியலின் நகலில் முதல் வரியைப் படித்ததும் மனைவி பூரணி அவரை உட்காரவைத்துக் கேட்டாள்.

“ஏங்க, நாம முதல்ல எங்க சந்திச்சோம்னு ஞாபகம் இருக்கா?”

“உங்க வீட்லதானே? பொண்ணு பார்க்க வந்தப்போ.”

இல்லை. மதுரையில், ஒரு தியேட்டரில், அந்தப் படத்தில்தான் இருவரும் முன்பின் தெரியாதவர்களாக அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். படத்தோடு அதுவும் போய்விட்டது.

சாயங்காலம் சுவர் முழுக்கப் படம் விரிந்தது. கூடம் நீல வெளிச்சத்தில் தளும்பியது. பூரணி படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் அவர் கொட்டாவி விட்டார்.

“படம் சுமார்தான் பூரணி. இதைப் போயா முதல்ல எழுதினேன்?”

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் விடாமல் இதையே போட்டு, கண் கலங்கப் பார்த்த மனிதர். அந்தக் கதாநாயகி மேல் முப்பத்தைந்து வருஷமாகப் பூரணிக்கு உள்ளூரப் பொறாமை.

அழுகையும் சிரிப்புமாக அவள் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அன்றைக்கு இருட்டில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டதை, இன்று அவரிடம் கேட்டாள்.

“கடலை சாப்பிடுறீங்களா?”