கழுகு பொறித்த காசு

முதல் காசை அடித்து அது சூடு ஆறுவதற்குள், ஹிலாரஸ் கேலியை ஆரம்பித்துவிட்டான்.

"நாம செத்தா வாயில செம்புக் காசுதான் வைப்பாங்க மச்சான். இந்த வெள்ளிய வச்சா, அந்தக் கரைக்குப் போற படகுக்காரன் நம்மளக் கையப் புடிச்சு ஏத்துவான்."

எபாப்ரா சிரிக்கவில்லை. அச்சு செதுக்கியவன் அவன். சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேரரசரின் பல்லக்கு போய்க்கொண்டிருந்தது. கன்னம் உப்ப அத்திப்பழம் மென்றபடி, கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டு போனார் பேரரசர்.

எபாப்ரா காசைத் திருப்பிப் பார்த்தான்.

காசின் ஒரு பக்கம் அதே கன்னம். மறுபக்கம் கழுகு, அதைச் சுற்றி 'தெய்வமானார்' என்ற எழுத்து. பேரரசர் இறந்து, சிதை எரிந்து, உயிரைக் கழுகு வானத்துக்குத் தூக்கிப் போன பிறகுதான் அந்தக் காசு அடிப்பது வழக்கம்.

நேற்று அரண்மனை ஆள் மாதிரியைக் கொடுத்தபோது, சாவுச் செய்தி நாணயச் சாலைக்கு இன்னும் வரவில்லை என்றுதான் நினைத்தான். இந்த ஊரில் எல்லாம் நாணயச் சாலை ஆட்களுக்குக் கடைசியில்தான் தெரியும்.

இந்தச் சாவு மட்டும், நடப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஹிலாரஸின் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

"பின்வாசல் வழியாப் போ. என் தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடு. எதுவும் கேக்காத."

ஹிலாரஸ் போனான். கொஞ்ச நேரத்தில் பின்வாசல் நாய் குரைத்தது. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டது.

அரண்மனை ஆள் முன்வாசல் வழியே தனியாக வந்தார். காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறகு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தாங்க ஐயா. நானேதான் செதுக்கி, நானேதான் அடிச்சேன்."

அவர் பட்டறைக்கல்லைப் பார்த்தார். வெள்ளியை இடுக்கியில் பிடிக்க ஒரு கை வேண்டும். அதன்மேல் வைக்கும் அச்சைப் பிடிக்க ஒரு கை.

"சம்மட்டிக்கு மூணாவது கை உனக்கு எங்க முளைச்சுது?"

எபாப்ரா பின்வாசல் பக்கம் பார்த்தான். தங்கையின் முகம்தான் நினைவில் வந்தது.

அரண்மனை ஆள் அவன் உள்ளங்கையை விரித்து, கழுகுக் காசை வைத்து, விரல்களை மெல்ல மூடிவிட்டார்.

"நீயே வச்சுக்க. பின்வாசல்ல போனவனுக்குச் செம்புதான் வச்சோம்."