மேனேஜரின் கழுத்துப்பட்டை

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்க சார்."

சொன்ன பிறகுதான், சொல்லியேவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இந்த நாய் விடுதியின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கூண்டு கழுவும் அக்கா காதைக் கடித்திருந்தாள்: "இங்க எதை வேணா கேளு. லீவு கேளு, ஃபேன் கேளு. சர்டிபிகேட்டை மட்டும் கேட்டுடாதே. மனுஷனுக்குப் பேய் பிடிச்சுடும்."

பேய் பிடிக்கவில்லை. முதலாளி சிரித்தார். அது அதைவிட மோசம்.

"என்ன பட்டதாரி, காலங்காத்தாலயே சூடா இருக்கே? மூணு வருஷம் இருப்பேன்னு கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தே? இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதுவரைக்கும் அது என் பீரோவுல பத்திரமா இருக்கும்."

அந்தப் பத்திரத்தால் மூன்று வேலைகள் கைக்கு வந்து நழுவியிருந்தன. மூன்று இடத்திலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினல் எங்கே?" நாளைக் காலை நாலாவது இடத்தில் நேர்காணல்.

"அதை விடு. இங்க நாயை விட்டுட்டுப் போற நாய்க்காரங்களுக்கு வேலி பத்தி எழுதச் சொன்னேனே கடிதம், என்னாச்சு?"

பின்பக்க மதில் மழையில் சரிந்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டாமல் மின்வேலி போடுவதாக முதலாளியின் திட்டம். கண்ணுக்குத் தெரியாத வேலி. மண்ணுக்குள் ஒரு கம்பி, நாயின் கழுத்தில் ஒரு பட்டை. கம்பியை நெருங்கினால் பட்டை கீச்சிடும். அதையும் மீறினால் கழுத்தில் ஷாக். ஒரு மாதமாக விடுதியின் சொந்த நாயை வைத்து வெள்ளோட்டம் நடக்கிறது. பகல் முழுக்க நாற்காலிக்கு அடியில் தூங்குவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"வேலி வேணாம் சார்."

"ஏன் வேணாம்? ஜன்னல் வழியா பாரு. மதிலே இல்லை. மேனேஜர் ஒரு அடி தாண்டுறானா?"

தாண்டவில்லைதான். முதல் நாள் இரண்டு முறை ஷாக் வாங்கி அலறியதோடு சரி. கம்பியைக் காட்ட நட்டு வைத்த சிவப்புக் கொடிகளுக்குப் பத்தடி முன்பே உட்கார்ந்துவிடுகிறது.

"அந்தப் பட்டையில பேட்டரி செத்து மூணு வாரம் ஆச்சு சார்."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான்தான் சொல்லலை. இன்னிக்குத் தாண்டும், நாளைக்குத் தாண்டும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நேத்து காலையில கொடிக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் வெச்சேன். எச்சில் ஒழுகுது, கால் நடுங்குது, நகரலை. 'ஒண்ணுமில்லாத பட்டைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கியே, உன்னை மாதிரி முட்டாள் உலகத்துல உண்டா'ன்னு திட்டிட்டு வந்தேன்."

"அடி சக்கை!" முதலாளி மேசையைத் தட்டினார். "அப்போ இன்னும் நல்லதாப் போச்சு! ஒரு தடவை வலிச்சா ஆயுசுக்கும் நிக்கும். கடிதத்துல 'நவீனப் பாதுகாப்பு வேலி'ன்னு மட்டும் போடு. ஷாக்குங்கிற வார்த்தையே வரக் கூடாது."

"கடிதம் நேத்து சாயங்காலமே வாட்ஸ்அப்புல போயிடுச்சு சார். ஷாக்குன்னுதான் போட்டிருக்கேன்."

"என்னது?"

"பதினாலு பேருக்கும். மதில் விழுந்ததையும் சேர்த்து. மதில் எழும்புறவரைக்கும் நாயை அனுப்ப மாட்டோம்னு பதினோரு பேர் பதில் போட்டுட்டாங்க. ஒருத்தர் மட்டும், அந்தப் பட்டையை முதல்ல முதலாளி கழுத்துல மாட்டிப் பாருங்கன்னு எழுதியிருக்கார். சத்தியமா அது நான் சொல்லிக் குடுத்தது இல்லை சார்."

இப்போது பேய் பிடித்தது.

"படிச்ச திமிரு! உங்க பரம்பரையிலயே நீதான் முதமுதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ. அதுக்கே இந்த ஆட்டமா?"

"முதல் ஆளா ஆடுறேன், அதான் சத்தம் ஜாஸ்தி. சர்டிபிகேட்டைக் குடுங்க."

அப்பா சந்தையில் மூட்டை சுமப்பவர். வீட்டுச் சுவரில் அவளுடைய சர்டிபிகேட்டின் கலர் ஜெராக்ஸைச் சட்டம் போட்டு மாட்டி, தினமும் துண்டால் துடைப்பார். "ஜெராக்ஸுக்குப் போய் இவ்வளவு உபசாரமா?" என்று எரிந்து விழுவாள். அசல் கைக்கு வந்த அன்று, படிக்கத் தெரியாத அப்பா எழுத்துகளை விட்டுவிட்டு ஓரத்து முத்திரையைத்தான் விரலால் தடவினார். "பாரும்மா, மேடா இருக்கு."

பீரோ படாரென்று திறந்தது. பழுப்பு உறை மேசையில் வந்து விழுந்தது.

"எடுத்துக்கிட்டுப் போ! நாளைக்கு இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்துடாதே!"

"நாளைக்கு வர்றேன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

முன்வாசல் வழியாகப் போகவில்லை. வீம்புக்குப் பின்பக்கம் போய், மேனேஜரின் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தூர எறிந்தாள். அது வாலை ஆட்டியது. அப்போதும் கொடிப் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வருஷம் ஆகிவிட்டதே, ஒருமுறை தொட்டுப் பார்ப்போம் என்று உறையைப் பிரித்து முத்திரையை விரலால் தடவினாள்.

விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேடு இல்லை.

மறுபடி தடவினாள். இல்லை. அப்படியானால் அப்பா தினமும் துடைத்துக்கொண்டிருப்பது?

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் அசலையும் ஜெராக்ஸையும் பாயில் அடுத்தடுத்துப் பரப்பி, 'கடைக்காரன் என்னமா எடுத்திருக்கான், எது எதுன்னே தெரியலையே' என்று மெச்சி, ஒன்றை உறையில் போட்டு, மற்றதை அப்பாவிடம் சட்டம் போடக் கொடுத்தது அவளேதான்.

அவள் நாயின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நேத்து திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன் மேனேஜர். நீயாவது மூணு வாரம்தான்" என்று அதன் தலையைத் தடவிவிட்டு, கொடியைத் தாண்டி நடந்தாள்.