உறை பிரிக்காத ஃபில்டர்

விரலில் தட்டுப்பட்டது காகிதம் இல்லை.

வழுவழுவென்று ஏதோ இருந்தது.

அவர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்தார். ஏசி ஃபில்டர் அதனிடத்தில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த லாரிக்கு அவரே மாட்டியது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு.

உறையைப் பிரிக்கவே இல்லை.

அட மடையா, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இருபது வருஷ ஏசி மெக்கானிக். இந்த பைபாஸில் கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பட்டறைக்கு வழி காட்டும். அப்பேர்ப்பட்டவன் பார்த்த வேலை இது.

கீழே டிரைவர் செங்கோடன் நின்றிருந்தான். லாரிப் பக்கமே திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வருவது இது மூன்றாவது முறை.

ஃபில்டர் மாற்றிய மறுவாரமே வந்து, "காத்தே வர்லீங்ணா" என்றான். நாலாவது ஸ்பீடில் வைத்தால் கேபின் நிறையச் சத்தம் வந்தது. காற்று ஒரு கொசுவை விரட்டக்கூடக் காணாது. அவர் ஏசி கேஸைப் பார்த்தார். காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். ஃப்யூஸ், வயர் ஒன்று விடவில்லை.

ஃபில்டரைப் பார்க்கவில்லை. அது அவர் போட்டதாயிற்றே.

கேபினில் பீடி வாசம் அடித்தது. அவருக்கு அது போதும். அங்கேயே நின்று லாரி முதலாளிக்குப் போன் போட்டார்.

"உங்க டிரைவரு கண்ணாடிய ஏத்திவுட்டுட்டுப் பீடி குடிக்கறானுங்க. புகைப் பிசுக்கு உள்ள அடைச்சுக்கிச்சு. வேறொண்ணுமில்லீங்."

செங்கோடன் அன்றோடு பீடியை விட்டான்.

அப்போதும் காற்று வரவில்லை. இரண்டாவது முறை வந்தான். "விட்டுட்டேன்னு சொல்றவனெல்லாம் விட்டவனுங்களா?" என்று போனில் முதலாளியிடம் இவர் சிரித்தார். செங்கோடன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து காதெல்லாம் சுட்டது.

இந்த முறை முதலாளி முடிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மெக்கானிக் மறுபடியும் பீடிதான் என்றால், சாவியைப் பட்டறையிலேயே கொடுத்துவிட்டு செங்கோடன் பஸ் ஏறிவிட வேண்டும்.

அவர் உறையைக் கிழித்துச் சட்டைக்குள் திணித்தார். ஃபில்டரை மாட்டினார். ப்ளோயரைப் போட்டார்.

டாஷ்போர்டில் கிடந்த எடைச் சீட்டு பறந்து கீழே விழுந்தது.

"ண்ணா! வருதுங்ணா!" செங்கோடன் தாவி ஏறிக் காற்றில் முகத்தைக் காட்டினான். "என்னங்ணா ஆச்சு?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவுக்குக் கீழே பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எலி," என்றார். "உள்ள கூடு கட்டி வெச்சிருந்துது."

நல்ல பொய்தான். யார் குடியும் கெடவில்லை. அவன் வேலையும் தப்பியது, இவர் பெயரும் தப்பியது. போனில் முதலாளிகூட, "அடக் கெரகமே, எலியா!" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

செங்கோடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மனசுக்குள்ள உங்கள என்னென்னமோ திட்டிப்போட்டேனுங்ணா. மன்னிச்சுக்கோங்."

அவருக்குக் கூசியது. கையை உருவப் பார்த்தார். அவன் விடவில்லை.

இன்னொரு கையால் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினான். "எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங். நாஞ் சொன்னா நம்ப மாட்டா."

அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. அதை அவளே சொன்னாள்.

"பீடியத் தொடலைன்னு பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாருங்க. நீங்க இன்னும் குடிக்கறாருன்னு மொதலாளிகிட்டச் சொல்லீட்டீங்க. மூணாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். பொய்ச் சத்தியம் பண்ணிப் புள்ளைய இப்பிடிப் பண்ணிப்போட்டாரேன்னு, பதினஞ்சு நாளா மனுசனை வாசப்படி ஏத்தலீங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நெசமாலுமே எலிதானுங்களா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது. செங்கோடன் முகமெல்லாம் பல்லாக, சொல்லுங் சொல்லுங் என்று தலையாட்டினான். கீழே இருந்தவர்கள் இன்னும் போகவில்லை.

சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் முடிந்தது.

"அம்மா," என்றார். "உங்க வீட்டுக்காரரு பண்ணுனது பொய்ச் சத்தியமில்லம்மா."

"அப்ப எலிதானுங்க?"

"எலியுமில்லம்மா."

செங்கோடனின் தலையாட்டல் நின்றது. அவன் அவரைப் பார்த்தான். கீழே நின்றவர்களைப் பார்த்தான்.

பிறகு ஸ்பீக்கரை அணைத்து, போனை அவர் காதில் வைத்தான்.