பலகையின் மூச்சு

மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, பட்டறையின் நடுவே காற்றடைத்த அலைச்சறுக்குப் பலகையைக் கிடத்தியிருக்கிறாள். மாலை வெயில் அதன் மஞ்சள் முதுகில் சாய்ந்திருக்கிறது. வால் பக்கத்தில், பலகையைத் தள்ளும் மோட்டார் உட்காருவதற்காக அவளே வரைந்து, வெட்டி, ஒட்டிய குழி. மத்தியானம் பட்டறையிலேயே ஓட்டிப் பார்த்தபோது, மோட்டாரின் நடுக்கம் தாங்காமல் அந்த ஒட்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. காலையில் கல்லாக இருந்த பலகை இப்போது விரல் பட்டாலே அமுங்குகிறது. விடிந்தால் கடலில் வெள்ளோட்டம். முழந்தாளிட்டு, ஒட்டின் மேல் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிக்கொண்டே போகிறாள். குழியின் மூலையில் ஒரு குமிழ் ஊதிப் பெருத்து உடைகிறது, பின்னாலேயே இன்னொன்று. ஓட்டை அகப்பட்டுவிட்டது. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். ரப்பர் துண்டில் பசை தடவி, பதத்துக்கு வரட்டும் என்று கையில் பிடித்திருக்கும்போது, பலகையின் மேல் கிடக்கும் போன் அடிக்கிறது. புறங்கையால் ஸ்பீக்கரில் போடுகிறாள். தங்கை. "சாப்பிட்டியாக்கா?" "ம்." "யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குதே, பக்கத்துல யாரு?" "யாருமில்லடி." "சும்மா கதை விடாத. யாரோ தூங்குறாங்க! அப்பாடா, இனிமே எனக்குக் கவலையில்ல. ஒண்டியாக் கெடக்குறியேன்னு எத்தனை நாள்..." தங்கையின் குரல் தழுதழுக்கிறது. பசை பதத்துக்கு வந்துவிட்டது. இப்போது ஒட்டாவிட்டால் வீண். அவள் துண்டைத் தரையில் வைக்கிறாள். "மெதுவாப் பேசுடி, முழிச்சுக்கப் போறாரு" என்கிறாள். பிறகு, போனை அந்த ஓட்டைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துகிறாள்.