ரத்னாபாயின் சாட்சி

"இன்னைக்கு நான் சாட்சி சொல்லத்தான் போறேன்" என்றாள் ரத்னாபாய், கண்ணாடி முன்னால் நின்று சேலைக்கு ஊசி குத்தியபடி.

மகன் ஜிபின் செருப்பு மாட்டுவதைப் பாதியில் நிறுத்தினான்.

"அடுத்த மாசம் சொல்லலாமேம்மா."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. அறுப்பின் பண்டிகை அன்னைக்கு நன்றி சொல்லாம பின்னே எப்போ சொல்ல? நட, மணி அடிச்சாச்சு."

புது வருஷ ஆராதனையில் அவள் செய்த பொருத்தனை அது. மகனுக்கு ஆபீசில் டீம் லீடர் பதவி கிடைத்தால், சபையார் முன்னால் நின்று சாட்சி சொல்லுவேன் என்று எல்லாரும் கேட்க ஜெபித்திருந்தாள்.

பதவியாவது! கழக்கூட்டத்துக் கம்பெனியில் ஒரு மத்தியானம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்று, "பதவி என்னாச்சு மக்கா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும், "கிடைச்சாச்சும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்று மாதமாக நாடகம். காலையில் அம்மா கட்டிக் கொடுக்கும் சோத்துப் பாத்திரத்தோடு பஸ் ஏறுவான். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கிவிடுவான். மியூசியம் தோட்டத்தில் ஒரு மரத்தடி. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவான். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். மறுபடியும் விண்ணப்பம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா பாத்திரத்தை வாங்குவாள். திறந்து ஒருமுறை மோந்து பார்ப்பாள்.

"மிச்சம் வைக்கலியே, நல்ல பிள்ளை" என்று கழுவப் போடுவாள்.

ஜெபிக்க முழங்காலிட்டால் அவனுக்கு வார்த்தை வருவதில்லை. 'ஏன்?' என்ற ஒன்றுதான் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அம்மாவின் விசுவாசமே இந்த வேலையின்மேல் நிற்கிறது. உண்மை தெரிந்தால் அதுவும் அல்லவா சரிந்து விழும்?

கோயில் தூண்களில் வாழைக்குலைகள் கட்டியிருந்தன. பீடத்தின் முன்னால் பூசணியும் மரச்சீனிக் கிழங்கும் குவிந்து கிடந்தன. ஜிபின் ஆண்கள் வரிசைக்குப் போகவில்லை. அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவசரமானால் சேலையைப் பிடித்து இழுக்கலாமே!

பின்வரிசையிலிருந்து ஜெயபாய் தலையை நீட்டினாள்.

"ரத்னாக்கா, சாட்சி சாட்சின்னு வருஷமே முடியப்போவுது. மோனுக்குப் பதவி கிடைச்சுதா, இல்லே கர்த்தர் மறந்துட்டாரா?"

"இருந்து கேளு ஜெயபாய்."

"சும்மா கேட்டா போதுமா? லட்டு உண்டா?"

ஜிபினுக்கு உட்கார முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான், மூடினான். அம்மாவின் காதருகே குனிந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாயேன். ஒரு காரியம் சொல்லணும்."

"ஆராதனை நடக்குது. இரி மக்கா."

"இப்பவே சொல்லணும்மா..."

"இரின்னேன்."

போதகர் அருமைநாயகம், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்" என்றார்.

ஒருத்தர் மகளுக்கு வளைகுடா விசா கேட்டாராம், கர்த்தர் கொடுத்தாராம். "ஆமென்!" என்றது சபை. இன்னொருத்தி வீட்டு மனை கேட்டாளாம், அதுவும் கிடைத்தது. "ஆமென்!"

ரத்னாபாய் எழுந்தாள். ஜிபின் முந்தானையைப் பிடித்தான். அவள் குனிந்து பார்க்காமலே அவன் விரல்களை மெல்ல விலக்கினாள்.

"புது வருஷத்துல இதே இடத்துல நின்னு ஒண்ணு கேட்டேன்" என்றாள். "அது கிடைக்கலை."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். கிடைக்காததற்குச் சாட்சி சொல்ல யாரும் அங்கே எழுந்ததில்லை.

"ஏன் தரலைன்னு அவரு சொல்லலை. நானும் விடலை. அடுக்களையில ஆள் இல்லாத நேரமா பாத்து அவருகிட்ட சண்டை போட்டேன், அழுதேன். பதில் இல்லை. ஆனா இருட்டுறதுக்கு முன்னால என் வாசல்ல என் பிள்ளையோட செருப்புச் சத்தம் கேக்குது. ஒரு நாள்கூட அது தப்பலை. அவனைக் கொண்டுவந்து சேத்தாரே, எனக்கு அது போதும். ஸ்தோத்திரம்."

உடனே யாருக்கும் ஆமென் வரவில்லை. போதகர்தான் முதலில் சொன்னார், மெதுவாக.

ரத்னாபாய் உட்கார்ந்தாள். பின்வரிசையில் லட்டுப் பேச்சு இல்லை.

"அம்மா..." ஜிபின் அவள் பக்கம் சாய்ந்தான். "உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் வாரமே தெரியும். நீ ஆபீஸ் போன காலத்துல பாத்திரத்தைத் திறந்தா ஒரு நாள் நீது வீட்டுப் புளிசேரி மணக்கும், ஒரு நாள் அனந்த் வீட்டு நெத்திலி மணக்கும். கூட்டாளிங்ககூடப் பங்குபோட்டுத் தின்னுட்டு வருவே. இப்போ என் குழம்பு மட்டும்தான் மணக்குது."

"பின்னே ஏன் கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். உனக்கு வாய் வரலை. அதான் நான் முதல்ல சொன்னேன்."

"பொய் சொல்லிட்டேம்மா."

"சாரமில்லே மக்கா, போகட்டும்."

எல்லாரும் பாட்டுக்கு எழுந்தார்கள். அவன் கையில் தலைகீழாக இருந்த பாட்டுப் புத்தகத்தை நேராக்கி வைத்துவிட்டு ரத்னாபாய் சொன்னாள்:

"நாளைக்குப் பாத்திரம் கட்டமாட்டேன். வீட்டுலயே இருந்து சூடா சாப்பிடு."