பழைய குளிரூட்டி

முதியோர் இல்லத்தைப் பசுமைக் கட்டடமாக மாற்றப்போகிறார்கள். புதுக் குளிரூட்டி எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று காட்ட, பழையது இப்போது எவ்வளவு தின்கிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். அதற்காக வந்திருந்த பொறியாளர் மடிக்கணினியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கணக்கு இடிக்குதா?" என்றார் கட்டட மேலாளர்.

"ஆமா சார். இவ்வளவு கிழட்டு மெஷின் முழுக் கட்டடத்துக்கும் ஓடினா கரன்ட்டைக் குடிச்சுத் தீர்த்திருக்கணும். இங்க பாதிகூட ஆகலையே?"

மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லாம் நம்ம யோசனைதான். மாடிக்குப் போற குளிர்காத்தை ரெண்டு வருஷமா அடைச்சு வச்சிருக்கேன். கீழ ஆபீசுக்கும், பார்க்க வர்றவங்க உட்கார்ற அறைக்கும் மட்டும்தான் வரும். வெளியில சொல்லிடாதீங்க."

"மேல இருக்கிறவங்க?"

"வயசானவங்களுக்குக் குளிர் ஆகாதும்மா. ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே!"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"ஒருத்தர் சொன்னாரு சார். மூலை அறையில இருந்தவரு. வேகுது, வேகுதுன்னு போன கோடை முழுக்க போன்ல புலம்பினாரு. இங்க கேட்டா, 'ஏசி நல்லாத்தான் ஓடுது, அவருக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு'ன்னாங்க. அடுத்த வாரமே தூக்கத்துல போயிட்டாரு."

மேலாளரின் முகம் வெளிறியது. "அதை அவரு உங்ககிட்ட எதுக்கும்மா சொன்னாரு?"

"பெத்த பொண்ணுகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சார் சொல்லுவாரு?"