மேசையில் ஏறாத ஒருத்தி

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். உடற்கூற்றியல் இதை ஏற்பதில்லை. வயிற்றில் எரிவது அமிலம். அதற்கு மாத்திரை இருக்கிறது. பொறாமைக்கு உரிய உறுப்பு காது.

அந்த வீட்டுப் பெரிய மருமகளுக்கு ஒரு மாதமாகக் காதில்தான் எரிந்தது. அவள் சமையலறையில் நிற்பாள். சாப்பாட்டு அறையிலிருந்து சின்ன மருமகளின் குரல் வரும்.

“ரெண்டு கால் கட்டைவிரலும் ஒண்ணையொண்ணு பார்க்கட்டும், மாமா. அசையாதீங்க... அவ்வளவுதான், எழுந்திருங்க.”

சின்னவள் எக்ஸ்ரே எடுக்கும் துறையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் அறிவியல் பட்டம் இருந்தால் போதும் என்று யாரோ சொல்ல, முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு, இடுப்பு எலும்பு. பழகுவதற்கு எக்ஸ்ரே மேசையாகச் சாப்பாட்டு மேசை, கதிர் வரும் குழாயாக டார்ச் லைட், நோயாளியாக வீட்டு ஜனம்.

பெரியவளும் வேதியியலில் முதல் வகுப்புதான். அந்தச் சான்றிதழ் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

மாமனார் படுத்தார். மாமியார் படுத்து, அப்படியே தூங்கியும் போனார். சின்னவளின் புருஷன் படுத்தான். பெரியவளின் புருஷனும் படுத்தார். கேஸ் அடுப்பைச் சரிபார்க்க வந்தவர்கூட, “ரெண்டே நிமிஷம், அண்ணா” என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

பெரியவளை மட்டும் கூப்பிடவில்லை.

“சின்னவ கை பட்டா பஞ்சு மாதிரி இருக்கு” என்றார் மாமியார்.

“பாத்திரம் தேய்க்காத கை பஞ்சு மாதிரிதான் இருக்கும், அத்தை.”

புருஷனையும் அவள் விடவில்லை. “உங்க இடுப்பு எப்படி இருந்துச்சாம்?”

“நல்லா ஒத்துழைச்சேனாம்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு நாளாவது ஒத்துழைச்சிருக்கீங்களா?”

அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை, பொறுக்க முடியாமல், நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏம்மா, கேஸ் அடுப்புக்காரருக்கு இருக்கிற எலும்பு எனக்கு இல்லையா?”

சின்னவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. உங்களுக்கு எவ்வளவு வேலை...”

“வேலை செய்யறவளுக்கு இடுப்பு இல்லாமப் போயிடுமா? அத்தையைப் படுக்க வெச்சியே?”

“அத்தைக்கு அறுபத்தஞ்சு ஆச்சேக்கா.”

“ஓ, அறுபத்தஞ்சுக்கு மேலதான் எலும்பு விளையுமோ?”

சின்னவள் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டாள்.

படித்த திமிர் என்று பெரியவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் குளிக்கப் போயிருந்தாள். மேசைமேல் அவளுடைய ஃபைல். அதன் மேலே ஒரு தாள். கல்லூரியில் நடந்த மாதிரித் தேர்வின் மதிப்பெண் தாள். இரண்டு நாளாக அவள் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவது என்று பெரியவள் முடிவுசெய்தாள். ஒரு மணி நேரம் தேடி அலையட்டும், அது போதும். அவள் பேராசைக்காரி இல்லை.

தள்ளுவதற்கு முன் ஒரு முறை படித்தாள். மதிப்பெண் குறைவாக இருந்தால் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்குமே.

முதல் வரியிலேயே பூஜ்யம்.

‘நோயாளி பன்னிரண்டு முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் உள்ள பெண்ணாக இருந்தால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று வாய்விட்டுக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.’ எதிரே சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்து: ‘கேட்க மறந்தார். ஆண்களையும் வயதானவர்களையும் வைத்தே பழகினால் இப்படித்தான் ஆகும். இந்த வயதுப் பெண் ஒருவர் வீட்டில் இருப்பார். அவரிடம் கேட்டுப் பழகவும். தேர்வில் மறந்தால் மற்ற மதிப்பெண்கள் எதுவும் செல்லாது.’

பெரியவள் இன்னொரு முறை படித்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. அந்தக் கேள்வியைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். வீட்டுக்குள் மட்டும் யாரும் கேட்பதில்லை. யாரும் போடாத சட்டம் அது.

குளித்துவிட்டு வந்த சின்னவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் பெரியவள் மல்லாந்து படுத்திருந்தாள். கையில் அந்தத் தாள்.

“ம், கேளு.”

“அக்கா... வேண்டாம்க்கா. நான் எப்படியாவது பார்த்துக்கறேன்.”

“பூஜ்யம் வாங்கிட்டு வந்து பார்த்துக்கறாளாம். கேளுடி.”

சின்னவள் டார்ச்சை எடுத்தாள், கீழே வைத்தாள். “நீங்க... கர்ப்பமா இருக்க ஏதாவது...”

“முணுமுணுக்காதே. எனக்கே கேட்கலை.”

“நீங்க கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?”

“இல்லை” என்றாள் பெரியவள். “கண்ணைத் துடைச்சுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து கேளு. இப்படி அழுதா வர்ற நோயாளி பயந்து ஓடிடுவா.”

மதியம் வரை மேசை காலியாகவில்லை. மற்றவர்கள் தாங்களே போட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.